வைட்டமின் டி எதற்கு என்று எங்கள் சீட்டில் எழுதுங்கள்

நீரிழிவுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்களுக்கும், சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் மருத்துவ அமைப்புகளுக்கும், எங்கள் கையில் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

எங்கள் மருந்துச் சீட்டில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று மாத்திரைகள் தொடரும். பலருடைய சீட்டில், எல்லாவற்றுக்கும் கீழே, வைட்டமின் டி இருக்கும். மேலே இருக்கும் மருந்துகள் எதற்கு என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். கடைசி வரி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். சர்க்கரை குறைவதற்கு என்பார் ஒருவர். சத்து மாத்திரை என்பார் இன்னொருவர். எலும்புக்கு என்பார் வேறொருவர். எழுதிக் கொடுத்தார்கள், சாப்பிடுகிறேன் என்பவரும் உண்டு. எதற்காக, எவ்வளவு, எதுவரை என்ற மூன்று விவரங்களையும் அந்த வரியின் பக்கத்திலேயே எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல். கேட்பது சிறியதுதான். ஆனால் அதை ஏன் இவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறேன் என்பதை விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வைட்டமின் டி சர்க்கரையைக் குறைக்கும் என்ற நம்பிக்கை எங்கள் தலையில் தானாக முளைத்ததில்லை. அதற்கு ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. வைட்டமின் டி குறைந்த எலிகளின் கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரப்பதில்லை என்று 1980-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில் வைட்டமின் டி வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பிறகு மக்கள் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகள் வந்தன. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு அதிகமாக வந்தது தெரிந்தது. இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குறைவாக இருப்பதை மாத்திரையால் நிரப்பிவிட்டால் நோயும் விலகுமே என்று.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. உடலில் கொழுப்பு கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி அளவு குறையும். கொழுப்பில் கரையும் சத்து அது, பெரிய உடலில் பரவித் தங்கிவிடும். உடல் பருமனே நீரிழிவுக்கும் வழி. வெளியே நடமாடாமல் வீட்டுக்குள் உட்கார்ந்தே இருப்பவருக்கு வெயில் படாது, உடற்பயிற்சியும் இராது. அவருக்கு வைட்டமின் டி-யும் குறையும், நீரிழிவும் வரும். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமா, இரண்டுமே வேறொன்றின் விளைவா என்பதைக் கவனித்துக்கொண்டிருப்பதால் மட்டும் பிரித்தறிய முடியாது. ஒரு பாதிப் பேருக்கு மாத்திரையும் மறு பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த ‘டி2டி’ ஆய்வின் முடிவு 2019-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. சர்க்கரை கூடியிருந்தும் நீரிழிவு என்ற எல்லையை இன்னும் தொடாமல் அதன் வாசலில் நிற்கும் 2,423 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு தரப்புக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி3 கொடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வைட்டமின் தரப்பில் 293 பேருக்கும் போலி மாத்திரைத் தரப்பில் 323 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கே இருந்தது. நார்வேயின் ட்ரோம்சோ நகரில் வாரம் 20,000 யூனிட் கொடுத்து நடந்த ஆய்வும், ஜப்பானில் எல்டிகால்சிடால் என்ற வைட்டமின் டி வகை மருந்தைக் கொடுத்து நடந்த ஆய்வும் தனித்தனியாக இதே மாதிரிதான் முடிந்தன.

பிறகு 2023-இல் இந்த மூன்று ஆய்வுகளிலும் பங்கேற்றவர்களின் விவரங்களை ஒருசேர அலசினார்கள். அப்போது நீரிழிவு வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. செய்திகளில் இந்த 15 ஓடிவந்த வேகத்தில் அதன் பக்கத்தில் நின்ற மற்றோர் எண் பின்தங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளில் உண்மையாகக் குறைந்த அபாயம் 3.3 சதவீதப் புள்ளிகள். நூறு பேர் மூன்று ஆண்டுகள் சாப்பிட்டால் மூன்று பேருக்கு நோய் தள்ளிப்போகலாம் என்று பொருள். இதை நான் இழிவாகச் சொல்லவில்லை. அந்த மூவரில் ஒருவர் என் வீட்டு மனிதராக இருந்தால் எனக்கு அது பெரிய விஷயம். ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டி 2024-இல் வெளியிட்ட நெறிமுறையும், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்கு வைட்டமின் டி கொடுக்கலாம் என்று பரிந்துரைக்கிறது, வாழ்க்கைமுறை மாற்றங்களோடு சேர்த்து. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய முடிவும் கையில் இருக்கிறது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் 31 சதவீதம் குறைத்தது. அது 2002-இல் வந்த முடிவு. ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்து அனுப்ப ஒரு நிமிடம் போதும், நடையைப் பற்றிப் பேச அரை மணி நேரம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. அந்த அரை மணி நேரத்தை வைட்டமின் டி ஈடுசெய்யாது.

இவ்வளவும் நோய் இன்னும் வராதவர்களைப் பற்றியது. இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. வாசலில் நிற்பவர்களிடம் கண்ட சிறு பலனை, ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட எங்கள் மேல் ஏற்றிப் பேசுகிறார்கள். எங்களைப் போன்றவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் வேறு. நெதர்லாந்தில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 275 பேருக்கு ஆறு மாதங்கள், மாதம் 50,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அசையவில்லை. அவர்களில் பலருக்குச் சர்க்கரை ஏற்கெனவே நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு, ‘வைட்டல்’ என்ற பெரிய ஆய்வின் கிளை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 1,312 பேரின் சிறுநீரகத்தை ஐந்து ஆண்டுகள் கவனித்தது. தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி சாப்பிட்டவர்களின் சிறுநீரகச் செயல்பாடு, சாப்பிடாதவர்களுடையதைவிட மேலாக இருக்கவில்லை. குறைபாடு இல்லாதவர்கள் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காக வைட்டமின்களை வழக்கமாகச் சாப்பிடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நிலைப்பாடும்.

ஆகவே மருத்துவர்களே, சர்க்கரைக்காக என்று எங்களிடம் வைட்டமின் டி கொடுக்காதீர்கள். நாங்களாக அப்படி நினைத்துக்கொண்டிருந்தால் திருத்துங்கள். சர்க்கரைக்கு இன்னொரு மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் வந்தால் மனம் சற்றுத் தளரும். ஒரு வேளை நடை தள்ளிப்போகும். சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிய நேரத்தில், வைட்டமின் வேலை செய்யட்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்று நாங்களே தவணை கேட்போம்.

அப்படியானால் வைட்டமின் டி எங்களுக்குத் தேவையே இல்லையா? நிச்சயம் தேவை, குறைந்திருந்தால். அதற்கான காரணம் எங்கள் எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. இதைப் பற்றித்தான் எங்களிடம் யாரும் பேசுவதில்லை என்பது என் பெரிய ஆதங்கம்.

நீரிழிவு என்றதும் கண், சிறுநீரகம், பாதம், இதயம் என்று வரிசையாகச் சொல்கிறோம். அந்த வரிசையில் எலும்பு வருவதே இல்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. இரண்டாம் வகையில் நிலைமை விசித்திரமானது. எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேனில் எண் சரியாகவே இருக்கும், சில சமயம் சராசரிக்கு மேலேயும் இருக்கும். ஆனாலும் எலும்பு முறிவது அதிகம். அளவு இருக்கிறது, தரம் இல்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ‘ஃப்ராக்ஸ்’ என்ற எலும்பு முறிவு அபாயக் கணிப்பானின் அடிப்படைக் கேள்விகளில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு இடம் இல்லை. அதனால் எங்கள் அபாயத்தை அது குறைத்துக் காட்டுகிறது. இதோடு நாங்கள் விழுவதற்கான காரணங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்திருக்கும், தரை தெரியாது. பார்வை மங்கியிருக்கும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் தலை சுற்றும். இரவில் சிறுநீருக்காக இருட்டில் எழுந்து நடப்போம். பயோகிளிட்டசோன் போன்ற சர்க்கரை மருந்துகள் பெண்களுக்கு எலும்பு முறிவு அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதும் நீங்கள் அறிந்ததே. இப்படிப்பட்ட உடலில் வைட்டமின் டி உண்மையாகவே குறைந்து கிடந்தால் அதை விட்டுவைப்பது தவறு.

இங்கேயும் மிகைப்படுத்த மாட்டேன். பொதுவாக ஆரோக்கியமாக இருந்த 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வில் தினம் 2,000 யூனிட் எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் ஊற்றுவதால் எலும்பு இரும்பாகிவிடாது. குறைபாடு உள்ளவருக்கு நிரப்புவது வேறு விஷயம். எலும்புப்புரைக்குச் சொலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகளைப் போடுவதற்கு முன் வைட்டமின் டி-யைச் சரிசெய்யாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இதெல்லாம் காரணம் தெரிந்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது. நான் கேட்பதும் அதைத்தான்.

நீரிழிவுடன் வாழ்கிறவர்களுக்கென்று ஒரு தனித் துன்பம் உண்டு. உடலில் எது நடந்தாலும் பழி சர்க்கரையின் மேல் விழும். தொடையில் வலுவில்லை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் சர்க்கரை. உடம்பெல்லாம் வலி என்றால் சர்க்கரை. எப்போதும் அசதி என்றால் சர்க்கரை. இவை அத்தனையும் கடுமையான வைட்டமின் டி குறைபாட்டின் அடையாளங்களும்கூட. எலும்பு மென்மையாகிப் போகும் நிலையில் இப்படித்தான் வலிக்கும், தசை இப்படித்தான் சோரும். சர்க்கரை என்ற ஒரே விடையில் எல்லாக் கேள்வியும் அடங்கிவிடுவதால், மாத்திரையால் குணமாகக்கூடிய ஒன்று ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிறது.

இதே பழி எதிர்த்திசையிலும் விழுகிறது. அது இன்னும் ஆபத்தானது. வைட்டமின் டி அளவு மீறிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் நீரைத் தக்கவைக்க முடியாது. அடிக்கடி சிறுநீர் போகும். நாக்கு வறண்டு தாகம் எடுக்கும். சோர்வு, பசியின்மை, மலச்சிக்கல், குமட்டல், முற்றினால் மனக்குழப்பம். இந்தப் பட்டியலின் முதல் இரண்டையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். நீரிழிவு உள்ள ஒருவருக்குத் தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தால் அவர் என்ன நினைப்பார்? அவர் வீட்டார் என்ன நினைப்பார்கள்? சர்க்கரை ஏறிவிட்டது என்று உணவைக் குறைப்பார்கள், மாத்திரையைக் கூட்டச் சொல்வார்கள். உண்மையான காரணமான வைட்டமின் டி மட்டும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கொழுப்பில் சேர்ந்து தங்குவதால், நிறுத்திய பிறகும் அது வடிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். நீரிழிவால் ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்தின் மேல் கால்சியமும் சேர்ந்து சுமையேற்றினால் என்ன ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று என்பது தினம் ஒன்று ஆகும்போது. குறைபாட்டைச் சரிசெய்ய 50,000 அல்லது 60,000 யூனிட் உள்ள மாத்திரைகளை வாரம் ஒருமுறை எழுதுகிறீர்கள். எங்கள் மற்ற மாத்திரைகள் எல்லாம் தினசரி மாத்திரைகள். காலை, மதியம், இரவு என்று பழகிய கைக்கு வாரம் ஒருமுறை என்பது பழக்கமில்லாத கணக்கு. பார்வை மங்கிய பெரியவர், படிக்கத் தெரியாதவர், மாத்திரைகளை வேறொருவர் எடுத்துக் கொடுக்கும் நிலையில் இருப்பவர் என்று எத்தனையோ பேர். 60,000 யூனிட்டைத் தினமும் சாப்பிட்டால் அது பெரியவர்களுக்கான பாதுகாப்பான உச்ச அளவாக அமெரிக்க மருத்துவக் கழகம் வைத்திருக்கும் 4,000 யூனிட்டைப்போல் பதினைந்து மடங்கு. வைட்டமின்தானே, கூடினால் என்ன என்று நினைப்பவர்கள் அதிகம் என்பதால் யாரும் பதறுவதும் இல்லை. தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் கூடினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். இது போகாது.

எட்டு வாரம் என்று எழுதித் தொடங்கியது எட்டு மாதம் ஆனதையும் பார்த்திருக்கிறேன். நிறுத்தும் தேதி சீட்டில் இல்லை. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கினால் அதுவும் கூடவே வந்தது. புதிய மருத்துவர், முந்தையவர் ஏதோ காரணத்தோடு எழுதியிருப்பார் என்று மரியாதையாக விட்டுவைத்தார். இதற்கு நடுவில் மல்டிவைட்டமின், கால்சியம் மாத்திரை, சத்து மாவு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைட்டமின் டி. கூட்டிப் பார்ப்பவர் யார்? ரத்த அழுத்தத்துக்காக குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரைகளை எங்களில் பலர் சாப்பிடுகிறோம். அவை கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைப்பவை. அவற்றோடு வைட்டமின் டி-யும் கால்சியமும் சேரும்போது கணக்கு இன்னும் இறுக்கமாகிறது.

ஒரேயடியாகப் பெரிய அளவு கொடுத்தால் மறதிக்கு இடம் இராதே என்று தோன்றலாம். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விழுவதும் எலும்பு முறிவதும் அவர்களிடம் கூடின. குறைப்பதற்காகக் கொடுத்த மருந்து கூட்டியது. தினசரி சிறு அளவே நிதானமான வழி என்று தோன்றுகிறது, எங்கள் தினசரி மாத்திரைப் பழக்கத்துக்கும் அதுவே பொருந்தும். மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காத இடங்களில் அதைத் தேர்ந்தெடுக்கலாமே?

சிறுநீரகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலில் உருவாகும் வைட்டமின் டி-யும் வாயால் சாப்பிடுவதும் முதலில் கல்லீரலில் மாறுகின்றன, பிறகு சிறுநீரகத்தில் மாறித்தான் முழு வலிமை பெறுகின்றன. நீரிழிவால் சிறுநீரகம் தேய்ந்தவருக்கு அந்த இரண்டாவது மாற்றம் ஒழுங்காக நடக்காது. சிறுநீரில் புரதம் அதிகமாகப் போகிறவருக்கு, வைட்டமின் டி-யை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதமும் சேர்ந்து போய்விடும். அவருக்குக் கால்சிட்ரியால் போன்ற ஏற்கெனவே மாற்றப்பட்ட வடிவம் தேவைப்படலாம். அது சாதாரண வைட்டமின் டி-யைவிட வேகமாகக் கால்சியத்தை ஏற்றக்கூடியது, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியது. எங்களுக்கு எல்லாமே வைட்டமின் டி என்றுதான் தெரியும். எந்த வடிவம், ஏன் அந்த வடிவம் என்று ஒரு வரி சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவதை நாங்கள் கடன் வாங்கிச் சாப்பிட மாட்டோம்.

மாத்திரை வேண்டாம், வெயிலில் நில்லுங்கள் என்பவர்களும் உங்களில் உண்டு. நல்ல அறிவுரைதான், எங்களுக்கு ஏற்றபடி சொன்னால். மரத்துப்போன பாதத்தோடு சூடான தரையில் வெறுங்காலில் நிற்பவருக்குக் கொப்புளம் வந்தபின்தான் தெரியும், அந்தக் கொப்புளம் புண்ணாகி எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதும் உங்களுக்குத் தெரியும். காலணி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இன்சுலின் பேனாவை வெயிலில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வைட்டமின் டி உருவாகாது, அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வயதான தோலுக்கும் கருத்த தோலுக்கும் கூடுதல் நேரம் தேவை. இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவுரை.

பரிசோதனையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி அளவை எல்லாருக்கும் வழக்கமாகப் பார்க்க வேண்டாம் என்று 2024 நெறிமுறை சொல்கிறது. இதற்கு முன் எண்டோக்ரைன் சொசைட்டியே முன்வைத்திருந்த, மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் என்ற எல்லையையும் அது இப்போது ஆதரிக்கவில்லை. பெரும்பாலோருக்கு 20 போதும் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-லேயே சொன்னது. ஆனால் ஆய்வக அறிக்கைகளில் 30-க்குக் கீழே இருந்தால் சிவப்பு எழுத்தில் வருகிறது. 26 என்ற எண்ணைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்களை எனக்குத் தெரியும். சில ஆய்வகங்கள் நானோமோல் கணக்கில் தருகின்றன. அங்கே 50 என்றால் இங்கே 20. அந்த வேறுபாடு தெரியாமல் தன் எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குகிறார்கள். எலும்பு வலி, விழுதல், எலும்பு முறிவு, சிறுநீரக நோய், உணவு உட்கிரகிப்பில் கோளாறு என்று காரணம் இருப்பவருக்குப் பாருங்கள். பார்த்தால் அந்த எண்ணின் பொருளையும் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு, எவ்வளவு கொடுத்தாலும் அளவு ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டுவதோடு நிற்காமல், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து வருவது அரிதில்லை.

வைட்டமின் என்று பேச வந்ததால், கவனம் போக வேண்டிய இன்னொரு வைட்டமினையும் சொல்லிவிடுகிறேன். மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். அது குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும், கால் மரக்கும், எரியும். அதுவும் சர்க்கரையின் கணக்கிலேயே எழுதப்படும். அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது. வைட்டமின் டி மாத்திரை பையில் இருக்கும் பலருக்கு பி12 ஒருமுறைகூடப் பார்க்கப்பட்டதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

மருந்தாளுநர்களே, வார மாத்திரையின் உறையின் மேல் கிழமையின் பெயரை எழுதுங்கள். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று பெரிய எழுத்தில் எழுதினால் போதும், கண் மங்கியவரும் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாலோ எட்டோ, எத்தனை வாரமோ அத்தனை மாத்திரைகள் மட்டும் கொடுங்கள். இத்துடன் வேறு சத்து மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்பனையில் உள்ள வைட்டமின் டி மாத்திரைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. எழுதியிருந்த அளவில் 9 சதவீதம் மட்டுமே இருந்ததும் உண்டு, 146 சதவீதம் இருந்ததும் உண்டு. எனவே தரம் சோதிக்கப்பட்டது எது என்று எங்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

மருத்துவர்களே, சீட்டில் எழுத வேண்டியது ஒரு வரிதான். ‘வைட்டமின் டி குறைபாடு, எலும்புக்காக, வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு நிறுத்தவும், மறுபடி பார்க்கவும்.’ இத்தனை சொற்களை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அளவு மீறினால் வரும் தாகமும் சிறுநீரும் சர்க்கரையைப் போலவே இருக்கும் என்று வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அப்படி நேர்ந்தால் சர்க்கரையோடு கால்சியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த வரியைக் காட்டி, எட்டு வாரம் முடிந்துவிட்டது என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

நெறிமுறை வகுப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். நீரிழிவுக்கு முந்தைய நிலைக்கான பரிந்துரையையும் நீரிழிவு வந்தவர்களுக்கான பரிந்துரையையும் ஒரே பத்தியில் கலந்து எழுதாதீர்கள். செய்தியாக வெளிவரும்போது அந்த எல்லைக்கோடு முதலில் அழிந்துபோகிறது. இரண்டாவது, எங்களை வைத்து எலும்பைப் பற்றி ஆராயுங்கள். டி2டி ஆய்வில் தொடக்கத்திலேயே வைட்டமின் டி அளவு 12 நானோகிராமுக்கும் கீழே இருந்த சுமார் நூறு பேரிடம் மட்டும் நீரிழிவு வருவது கணிசமாகக் குறைந்தது. பின்னால் பிரித்துப் பார்த்த சிறு பிரிவு என்பதால் அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் உண்மையாகவே குறைந்தவர்களுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே திறந்தே இருக்கிறது. பெரிய ஆய்வுகளில் பலவும் போதுமான அளவு உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு, கூடுதலாகக் கொடுத்ததால் பலனில்லை என்று முடிந்தன. குறைபாடு உள்ளவரைப் போலி மாத்திரையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது அறமாகாது என்பது எனக்கும் புரிகிறது. வெவ்வேறு அளவுகளை ஒப்பிடலாம், தினசரியையும் வாராந்தரத்தையும் ஒப்பிடலாம். அப்போது ஹெச்பிஏ1சி-யை மட்டும் அளக்காமல், யார் விழுந்தார்கள், யாருக்கு எலும்பு முறிந்தது, யாரால் கையை ஊன்றாமல் எழ முடிகிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகை நீரிழிவுடன் வாழும் ஒருவர்